கட்டாயத்தின்பேரில் பந்திக்குப் போனவர்



நம்ம சபையில் பாதிப்பேர் புத்தகம் பார்த்து ஜெபிக்கிற சபைகளிலிருந்து வந்தவர்கள்தான். நானும் அப்படித்தான் வந்தேன். சின்ன வயதில் ஞாயிறு காலையில் முழங்கால்படியிட்டு பொதுப் பாவ அறிக்கையைச் சொல்லும்போது, வாய் அதுபாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போகும். மனசு வீட்டு அடுப்பில் கொதிக்கிற கறிக்குழம்பில் இருக்கும். பிற்பாடு அபிஷேகம் பெற்று வெளியே வந்தபிறகு, அந்தப் புத்தகத்தைப் பற்றி மேடையில் நின்று ரொம்பக் கேலி பேசியிருக்கிறேன். செத்த ஜெபம் என்றே சொல்லியிருக்கிறேன். ஜனங்களும் சிரித்து அல்லேலூயா சொல்லுவார்கள். அந்தப் பேச்சைக் குறித்து என்னை வெட்கப்பட வைத்தது ஒரு தேவ மனிதருடைய ஜீவிய சரித்திரம். அவர் பெயர் சார்லஸ் சிமியோன். இங்கிலாந்து சபையின் சரித்திரம் படித்தவர்களுக்கு நன்றாய்த் தெரிந்த பெயர். நம்ம தேசத்துக்கு ஹென்றி மார்ட்டினை அனுப்பிவைத்தவர் என்று சொன்னால் இன்னும் சிலருக்கு ஞாபகம் வரும்.

சிமியோன் 1759-ம் ஆண்டு செப்டம்பர் 24-ம் தேதி இங்கிலாந்தில் ரெடிங் என்ற ஊரில் வசதியான குடும்பத்தில் பிறந்தார். நாலு ஆண்பிள்ளைகளில் கடைசி. சின்ன வயதிலேயே ஈட்டன் என்ற பெரிய பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டுவிட்டார்கள். பிரபுக்கள் வீட்டுப் பிள்ளைகள் படிக்கிற இடம். அங்கே படிப்பு இருந்தது, பக்தி இல்லை. சிமியோன் நல்ல பலசாலி. குதிரை என்றால் உயிர். வரிசையாய்ப் போட்ட ஆறு நாற்காலிகளை ஒவ்வொன்றாய்த் தாண்டிக் குதிப்பாராம். உடுத்துகிற துணியில் ஆடம்பரம், பேச்சில் அகந்தை, மூக்குக்கு மேல் கோபம். கடைசியாய்ச் சொன்ன அந்தக் கோபம் அவரை ரொம்ப வருஷம் விடவில்லை.

1776-ல் அமெரிக்க யுத்தத்தின் நிமித்தம் தேசம் முழுவதும் உபவாச நாள் குறித்தார்கள். சிமியோனுக்கு வயது 17. தேசத்தின்மேல் தேவன் கோபமாயிருக்கிறார் என்றால் அதற்குத் தன்னைப்போலக் காரணமானவன் வேறு யார் என்று அந்தப் பையனுக்குத் தோன்றிவிட்டது. நிஜமாகவே உபவாசமிருந்து ஜெபித்தான். ஏழைகளுக்கென்று ஒரு உண்டியல் வைத்தான். தப்பு செய்கிறபோதெல்லாம் அதில் காசு போடுகிறான் என்று கூடப் படித்த பையன்கள் கேலி செய்தார்கள். கேலி தாங்காமல் கொஞ்ச நாளில் எல்லாம் ஆறிப்போயிற்று. பையன் பழையபடி ஆனான்.

1779 ஜனவரி மாதக் கடைசியில் கேம்பிரிட்ஜ் நகரத்தில் கிங்ஸ் கல்லூரியில் சேர்ந்தார். வந்து மூன்றாம் நாள் கல்லூரித் தலைவரிடமிருந்து ஒரு செய்தி வந்தது. இன்னும் ஏறக்குறைய மூன்று வாரத்தில் கல்லூரி ஆலயத்தில் இராப்போஜனம் நடக்கும், மாணவர்கள் தவறாமல் வரவேண்டும், இது சட்டம். அவ்வளவுதான். நீ மனந்திரும்பினவனா, இரட்சிக்கப்பட்டவனா என்று யாரும் கேட்கவில்லை. ஞானஸ்நானம் எடுத்து சாட்சியுள்ளவர்களே பந்தியில் பங்குபெறலாம் என்று எச்சரித்துச் சொல்லுகிற நமக்கு இதைக் கேட்கவே பதறும். எனக்கும் பதறத்தான் செய்தது. கிளாசுக்கு வருகிறதுபோலப் பந்திக்கு வரச்சொல்லுகிற சட்டத்தை இன்றைக்கும் என்னால் நியாயப்படுத்த முடியாது. ஆனாலும் கர்த்தர் அந்தச் சட்டத்தையே தூண்டிலாக உபயோகித்தார்.

மற்ற பையன்களுக்கு அது இன்னொரு கடமை. சிமியோனுக்கோ உடம்பெல்லாம் நடுங்கிற்று. அந்தப் பந்தியில் உட்கார சாத்தானுக்கு எவ்வளவு தகுதியோ அவ்வளவுதான் தனக்கும் தகுதி என்று உணர்ந்தார். போகாமல் இருக்க வழியில்லை. போனால் ஆக்கினை. என்ன செய்வார் பாவம்! யாரிடம் கேட்பது என்றும் தெரியவில்லை. கேள்விப்பட்டிருந்த ஒரே பக்திப் புத்தகம், மனிதனின் முழுக் கடமை என்ற பழைய நூல். ஓடிப்போய் அதை வாங்கி ராப்பகலாய்ப் படித்தார். செய்த பாவங்களை ஒவ்வொன்றாய் நினைத்து அழுதார். படிப்பும் உபவாசமும் ஜெபமுமாய் மூன்று வாரத்தில் உடம்பைக் கெடுத்துக்கொண்டு படுக்கிற நிலைமைக்கு வந்துவிட்டார். தெருவில் போகிற நாயைப் பார்த்து, அதற்கு நரகம் இல்லையே என்று பொறாமைப்பட்ட நாட்களும் உண்டு.

முதல் இராப்போஜனம் வந்தது, போயிற்று. சமாதானம் வரவில்லை. ஈஸ்டர் பண்டிகையில் திரும்பவும் பந்தியில் சேரவேண்டும் என்பது அவருக்குத் தெரியும். ஆகையால் விட்டுவிட முடியவில்லை. இதைக் கவனியுங்கள். நாட்காட்டியில் குறித்திருந்த ஒரு பண்டிகைதான் அவரை ஓடவிடாமல் பிடித்து நிறுத்திற்று. 1776-ல் கேலி வந்தவுடனே ஆறிப்போன பையன் இந்தத் தடவை ஆறிப்போகவில்லை. அடுத்த பந்தி நாள் நெருங்கிக்கொண்டே இருந்தது.

பாடுகளின் வாரம் வந்தது. மேன் தீவின் அத்தியட்சராயிருந்த தாமஸ் வில்சன் என்பவர் இராப்போஜனத்தைக் குறித்து எழுதிய புத்தகம் அவர் கையில் இருந்தது. பழைய ஏற்பாட்டு யூதர்கள் பலி மிருகத்தின் தலையில் கையை வைத்துத் தங்கள் பாவத்தை அதன்மேல் மாற்றினபோது, தாங்கள் செய்கிறது இன்னதென்று அறிந்தே செய்தார்கள் என்ற கருத்து அதில் வந்தது. படித்துக்கொண்டிருந்த சிமியோன் அப்படியே நின்றுவிட்டார். என் பாவத்தையும் இன்னொருவர்மேல் மாற்றிவிடலாமா? அப்படி ஒரு பலியைத் தேவனே எனக்காக ஏற்படுத்தியிருக்கிறாரா? அப்படியானால் இனி ஒரு நிமிஷமும் இதை நான் சுமக்கவேண்டியதில்லையே! அந்த மணியிலே தன் பாவங்களை இயேசுவின் பரிசுத்த சிரசின்மேல் வைக்கத் தீர்மானித்தார். புதன்கிழமை இரக்கம் கிடைக்கும் என்ற நம்பிக்கை துளிர்த்தது. வியாழன் அது கூடிற்று, வெள்ளியும் சனியும் இன்னும் பலத்தது. ஏப்ரல் 4-ம் தேதி ஈஸ்டர் ஞாயிறு அதிகாலையில், உயிர்த்தெழுந்த கிறிஸ்துவின் நாமத்தைச் சொல்லி அல்லேலூயாவோடே கண்விழித்தார். அன்று கல்லூரி ஆலயத்தில் பந்தியண்டை முழங்கால்படியிட்டபோது, தன் இரட்சகர் மூலமாய்த் தேவனண்டை நேராய்ச் சேர்ந்துவிட்டதை அறிந்தார்.

அன்றைக்கு ஒரு சின்ன சம்பவம் நடந்தது. எனக்கு இந்தச் சரித்திரத்தில் மிகவும் பிடித்த இடம் இதுதான். பிரதிஷ்டை பண்ணின அப்பம் தேவைக்கு மேல் மிஞ்சிவிட்டது. அதை வீணாக்கக் கூடாது என்ற ஒழுங்கின்படி, ஆராதனை முடிந்தபின் குருவானவர் சிலருக்கு இன்னொரு துண்டு கொடுத்தார். ஒரு துண்டு சிமியோனுக்கும் கிடைத்தது. வாயில் போட்டவுடனே அவர் கையால் முகத்தை மூடிக்கொண்டு ஜெபிக்கத் தொடங்கினார். பார்த்துக்கொண்டிருந்த குருவானவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மிஞ்சின அப்பத்துக்குப் போய் ஜெபமா என்று நினைத்திருப்பார் போலும். தன் ஆத்துமாவிலிருந்து இறங்கின பாரம் அவருடைய ஆத்துமாவிலிருந்தும் இறங்கியிருந்தால் இந்த ஜெபம் அவருக்கு வீணாய்த் தோன்றாது என்று சிமியோன் நினைத்துக்கொண்டார். ஒரே ஆலயம், ஒரே அப்பம், ஒரே முறைமை. கொடுத்தவர் சிரித்தார், வாங்கினவர் அழுதார்.

பிரியமானவர்களே, அந்த ஆலயத்தில் அப்போது எழுப்புதல் நடந்துகொண்டிருந்தது என்று நினைத்துவிடாதீர்கள். கல்லூரி ஆராதனை மகா அலட்சியமாய் நடந்ததாகச் சிமியோனே எழுதிவைத்திருக்கிறார். வாசிக்கிறவர்கள் கடமைக்கு வாசிப்பார்கள், கேட்கிறவர்கள் தூங்கி வழிவார்கள். ஆனாலும் அதற்குப் பிறகு பல மாதங்கள் அந்த ஜெபங்களே அவருக்குக் கொழுமையான விருந்தாயிருந்தன. நாங்கள் வழிதப்பின ஆடுகள், எங்களில் சுகமில்லை என்ற கருத்தோடு பாவ அறிக்கை வரும்போது, இது எனக்காகவே எழுதி வைத்ததல்லவா என்று பிடித்துக்கொள்ளுவார். 1662 முதல் அதே வார்த்தைகளைத்தான் இங்கிலாந்து தேசம் முழுவதும் சொல்லிக்கொண்டிருந்தது. வார்த்தைகள் மாறவில்லை. சொல்லுகிற வாய்க்குப் பின்னால் இருந்த இருதயம் மாறிவிட்டது.

இன்னொன்றும் சொல்லவேண்டும். இரட்சிக்கப்பட்ட சிமியோனுக்கு ஐக்கியத்துக்கு ஆளில்லை. ஏறக்குறைய மூன்று வருஷம் தன்னைப்போல அனுபவமுள்ள ஒருவரையும் அவர் காணவில்லை. நமக்கு ஒரு வாரம் உபவாசக் கூட்டம் இல்லையென்றால் வாடிப்போகிறோம். அவருக்குக் கூட்டமும் இல்லை, பாஸ்டரும் இல்லை. வேதமும் அந்த ஜெபப் புத்தகமும்தான் துணை. சும்மாவும் இருக்கவில்லை. கல்லூரியில் அறை பெருக்கிப் படுக்கை போடுகிற வேலைக்காரப் பெண்மணியிடம், ஞாயிற்றுக்கிழமை வேலையினால் ஆலயத்துக்குப் போகமுடியாத வேலைக்காரர்கள் சாயங்காலம் தன் அறைக்கு வந்தால் போதிப்பதாகச் சொன்னார். பல பேர் வந்தார்கள். ஒரு நல்ல புத்தகத்தை வாசிப்பார். பிறகு ஜெபப் புத்தகத்திலிருந்தே சில ஜெபங்களை அவர்களோடு ஏறெடுப்பார். அதனால் அவர்களில் யாராவது இரட்சிக்கப்பட்டார்களா என்பது அவருக்கே தெரியாது. தன் ஆத்துமாவுக்கு அது பிரயோஜனமாயிருந்தது என்கிறார். விடுமுறைக்கு வீட்டுக்குப் போனபோது குடும்ப ஜெபமும் ஆரம்பித்தார்.

1782 மே மாதம் உதவிக்குருவாக அபிஷேகம் பெற்றார். அந்தக் கோடையில் கேம்பிரிட்ஜில் புனித எட்வர்டு ஆலயத்தில், ஊருக்குப் போயிருந்த குருவானவருக்குப் பதிலாக ஊழியம் செய்தார். முதல் ஞாயிறு ஆராதனை முடிந்து வரும் வழியில் ஒரு வீட்டில் புருஷனும் மனைவியும் சண்டை போடுகிற சத்தம் கேட்டது. கதவு திறந்திருந்தது. நேரே உள்ளே போய், ஆலயத்துக்கும் வராமல் ஓய்வுநாளில் இப்படிச் செய்யலாமா என்று கடிந்துகொண்டு, அங்கேயே முழங்கால்படியிட்டு ஜெபித்தார். தெருவே கூடிவிட்டது. சில வாரங்களில் ஆலயம் நிரம்பி வழிந்தது. விடுமுறை முடிந்து திரும்பின குருவானவரைப் பார்த்து ஆலயப் பணியாள், ஐயா வந்துவிட்டீர்களா, இனியாவது உட்கார இடம் கிடைக்கும் என்று சந்தோஷப்பட்டாராம்!

அதே வருஷம் பரிசுத்த திரித்துவ ஆலயத்தின் குருவானவர் மரித்தார். அந்த ஆலயத்தைக் கடந்து நடக்கும்போதெல்லாம், இதைத் தேவன் தனக்குத் தந்தால் எவ்வளவு நன்றாயிருக்கும் என்று சிமியோன் ஏங்கினதுண்டு. தகப்பனார் அத்தியட்சருக்கு எழுதினார், நியமனம் கிடைத்தது. வயது 23. ஆனால் சபையாருக்கு வேண்டியவர் வேறொருவர். அங்கே ஏற்கெனவே இருந்த உதவிக்குருவைத்தான் அவர்கள் கேட்டிருந்தார்கள். அத்தியட்சர் சிமியோனை அனுப்பிவிட்டார் என்றவுடனே ஒரு வேலை செய்தார்கள். அந்தக் காலத்து ஆலயங்களில் குடும்பத்துக்கு ஒரு ஆசனம் உண்டு. பெட்டி மாதிரி சுற்றிலும் மறைப்பு, கதவு, கதவுக்குப் பூட்டு. எல்லாரும் தங்கள் தங்கள் ஆசனத்தைப் பூட்டிக்கொண்டு வீட்டில் இருந்துவிட்டார்கள். வெளியிலிருந்து வந்த ஜனங்களுக்கு நடைபாதையில் நிற்கத்தான் இடம். சிமியோன் சொந்தக் காசில் பெஞ்சு வாங்கிப் போட்டார். ஆலய நிர்வாகிகள் அதைத் தூக்கி முற்றத்தில் எறிந்தார்கள். ஞாயிறு சாயங்கால ஆராதனை தொடங்கினார். ஆலயத்தையே பூட்டிவிட்டார்கள். இப்படி ஒரு மாதமா, இரண்டு மாதமா? பத்து வருஷத்துக்கு மேல் ஆசனங்கள் பூட்டியே கிடந்தன. ஞாயிறு பிற்பகல் பிரசங்கத்துக்கு ஆளை நியமிக்கிற உரிமை சபையாரிடம் இருந்தது. அதை அவர்கள் சிமியோனுக்குக் கொடுத்தது 1794-ல்தான்.

வெளியேயும் தொல்லை. பல்கலைக்கழக மாணவர்கள் ஆராதனையில் கூச்சல் போடுவார்கள், ஜன்னல்மேல் கல் எறிவார்கள். அவரோடு சேர்ந்து நடந்தால் தங்கள் பெயர் கெடும் என்று கூட வேலை செய்கிறவர்களே ஒதுங்கினார்கள். ஒருநாள் மனம் உடைந்து, கையில் கிரேக்க புதிய ஏற்பாட்டோடு நடந்து போனார். ஆறுதலுக்கு ஒரு வசனம் தாரும் ஆண்டவரே என்று கேட்டுத் திறந்தார். சிரேனே ஊரானாகிய சீமோனைப் பிடித்து இயேசுவின் சிலுவையைச் சுமக்கும்படி பலவந்தம் பண்ணின இடம் கண்ணில் பட்டது. சீமோன், சிமியோன் இரண்டும் ஒரே பெயர்தான். துள்ளிக் குதித்தார் மனுஷன்! ஆண்டவரே, அந்தச் சிலுவையை என்மேலும் வையும் என்று ஒப்புக்கொடுத்தார். கண்ணை மூடி வேதத்தைத் திறந்து விரல் வைத்து வாக்குத்தத்தம் எடுக்கிற பழக்கத்துக்கு நான் ஆதரவு சொல்லவில்லை. சிமியோனுக்கு அன்றைக்குத் தேவைப்பட்டது அந்த ஒரு வார்த்தை. முன்னே பலவந்தத்தினால் பந்திக்குப் போனவர், இப்போது பலவந்தத்தினால் சிலுவை சுமக்கிறவரானார்.

அவருடைய குறைகளையும் மறைக்கவேண்டாம். கோபக்காரர் என்று சொன்னேனே, இரட்சிக்கப்பட்டபின்பும் அது சட்டென்று போய்விடவில்லை. யெல்லிங் என்ற கிராமத்தில் ஹென்றி வென் என்ற முதிர்ந்த ஊழியக்காரர் இருந்தார். சிமியோன் குதிரையேறி அவரிடம் அடிக்கடி போவார். ஒரு தடவை சிமியோன் வந்துபோனபின், அவருடைய தோரணையைப் பற்றி வென் ஐயாவின் மகள்கள் சலித்துக்கொண்டார்கள். தகப்பனார் தோட்டத்துக்குக் கூட்டிப்போய் ஒரு பீச் பழத்தைப் பறித்து வரச்சொன்னார். அது காய்க்காலம். பச்சையாய் இருந்தது. இன்னும் கொஞ்சம் வெயிலும் மழையும் பட்டால் இனிப்பாகும், சிமியோனும் அப்படித்தான் என்று பிள்ளைகளுக்கு விளங்கப்பண்ணினார்.

அந்தப் பழம் பழுத்தது எங்கே என்று கேட்டால், அதிகாலையில் என்றுதான் சொல்லவேண்டும். நாலு மணிக்கு எழும்புவார். குளிருக்குத் தானே நெருப்பு மூட்டிக்கொண்டு எட்டு மணி வரைக்கும் வேதமும் ஜெபமும். தூங்கிவிட்டால் வேலைக்காரிக்கு அரைக்கிரவுன் காசு அபராதம் கொடுப்பது என்று வைத்துக்கொண்டாராம். ஒருநாள் காலையில் கதகதப்பாய்ப் படுத்துக்கொண்டே, அந்த ஏழைக்குக் காசு போனால் நல்லதுதானே என்று மனசு சமாதானம் சொல்லிற்றாம்! உடனே அபராதத்தை மாற்றினார். இனி தூங்கினால் ஒரு தங்கக் காசு கேம் ஆற்றில் போடவேண்டும். ஒரே ஒரு தடவை போட்டார் என்றும், அதற்குப்பிறகு தூங்கவில்லை என்றும் சொல்லுவார்கள்.

ஜெபப் புத்தகத்துக்கு வருவோம். வேதவசனத்தை அக்கினியாய்ப் பிரசங்கித்தவர் சிமியோன். அவருடைய 2,536 பிரசங்கக் குறிப்புகள் 21 பாகங்களாக அச்சாயின. அப்படிப்பட்டவருக்குப் பிரசங்க பீடம்தான் பெரிது என்று நாம் நினைப்போம். ஆனால் தான் தேவனுக்கு மிக அருகில் இருப்பதாக உணர்ந்தது ஜெப வாசிப்பு மேசையண்டையில்தான் என்று அவர் சொல்லுவார். வெள்ளிக்கிழமை சாயங்காலங்களில் அவருடைய கல்லூரி அறையில் மாணவர்கள் கூடுவார்கள். தேநீர் கொடுத்துக்கொண்டே அவர்கள் கேட்கிற கேள்விகளுக்குப் பதில் சொல்லுவார். குருத்துவத்துக்குப் போகிற வாலிபருக்கு அவர் கொடுத்த புத்திமதிகளில் ஒன்று, ஜெபங்களை வெறுமனே வாசிக்காதே, ஜெபி என்பது. ஒரு சபை முழுவதும் அந்த ஜெபங்களின் ஆவியை உணர்ந்து சேர்ந்து ஜெபிப்பதைப்போல அழகான காட்சி பூமியில் இல்லை என்பது அவருடைய எண்ணம்.

1811-ல் பல்கலைக்கழக ஆலயத்தில் இந்த முறைமையைப் பற்றியே நாலு பிரசங்கம் செய்தார். எடுத்த வேதபகுதி உபாகமம் 5-ம் அதிகாரம். சீனாய் மலையண்டையில் இஸ்ரவேல் ஜனங்கள் நல்ல வார்த்தைகளைச் சொன்னார்கள். அவர்கள் சொன்னதெல்லாம் சரியென்று கர்த்தரே ஒப்புக்கொண்டு, அதற்கேற்ற இருதயம் அவர்களுக்கு இருந்தால் நலமாயிருக்குமே என்று ஏங்குகிறார். சிமியோன் அதைத் தன் சபைக்கு நேராகத் திருப்பினார். புத்தகத்தில் உள்ளது நல்ல வார்த்தைகள். பாவத்தை ஒப்புக்கொள்கிறோம், இரக்கம் கேட்கிறோம், துதிக்கிறோம். அதற்கேற்ற இருதயம் எங்கே? சொன்னதை மெய்யாகவே சொன்னோமா? மேடையில் கேலி பேசின எனக்கு இங்கேதான் அடி விழுந்தது. என் பழைய சபையில் செத்திருந்தது ஜெபமா, நானா?

அந்தப் புத்தகத்தில் குறையே இல்லை என்று அவர் சாதிக்கவில்லை. மனிதர் எழுதினது, சில வாசகங்கள் வேறுவிதமாய் இருந்திருக்கலாம் என்று ஒத்துக்கொண்டார். புத்தகமில்லாமல் ஜெபிக்கிறவர்களைத் தள்ளவும் இல்லை. சிலர் சில நேரம் ஜெபிக்கிற மாதிரி எல்லாரும் எல்லா நேரமும் ஜெபிக்கக் கூடுமானால், புத்தகமில்லாத ஜெபமே மேல் என்றுகூடச் சொன்னார். நம்ம ஜனங்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்கவேண்டும். எங்களுக்குப் புத்தகம் இல்லை என்கிறோம். சரிதான். ஆனால் நான் பரம்பரைப் புத்தகத்தை விட்டுவந்து சில வருஷம் கழித்து, ஒரு சகோதரி என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னாள்: பாஸ்டர், நீங்க ஆரம்ப ஜெபத்துல அடுத்து என்ன சொல்லப்போறீங்கன்னு என் சின்னப் பையன் கரெக்டா சொல்லிடுறான். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அச்சடிக்காத புத்தகம் ஒன்று என் வாயிலேயே இருந்திருக்கிறது!

1796-ல் சிமியோன் ஸ்காட்லாந்துக்குப் போனார். அங்கே பிரஸ்பிட்டேரியன் சபைகள், ஜெபப் புத்தகம் கிடையாது. சிமியோன் அவர்கள் பிரசங்க பீடத்தில் அவர்கள் முறைப்படியே நின்று பிரசங்கித்தார். மலைப்பக்கத்தில் மூலின் என்ற கிராமத்தில் இராப்போஜன ஆராதனை. ஊழியக்காரர் அலெக்சாண்டர் ஸ்டுவர்ட் படித்தவர், நல்லவர், ஆனால் ஜீவன் இல்லை. அன்று சிமியோனுக்கே உள்ளம் வறண்டிருந்தது. தான் பேசினதில் உயிரில்லை, கேட்டவர்கள் அசையவில்லை என்று நாட்குறிப்பில் எழுதிவைத்துவிட்டார். ஆனால் அன்றைக்குத்தான் ஸ்டுவர்ட்டின் கண் திறந்தது. ராத்திரி படுக்கப்போகும் முன் இருவரும் தனியே பேசினார்கள். அதன்பின் ஸ்டுவர்ட் வேறே மனுஷனாய்ப் பிரசங்கிக்கத் தொடங்கினார், சில வருஷங்களில் மூலினில் எழுப்புதல் உண்டானது. அதில் தொடப்பட்ட வாலிபரில் இரண்டுபேர் பிற்பாடு ஒருவரையொருவர் விவாகம் பண்ணினார்கள். அவர்களுடைய மகன்தான் 1830-ல் கல்கத்தாவுக்கு வந்த மிஷனெரி அலெக்சாண்டர் டஃப். உணர்ச்சி பொங்கினால்தான் ஆராதனை என்று கணக்குப் போடுகிறவர்கள், சிமியோனுடைய வறண்ட அந்த ஞாயிற்றுக்கிழமையை எந்தக் கணக்கில் எழுதுவார்களோ எனக்குத் தெரியாது.

இந்தியாவைத் தன் திருமண்டலம் என்றே அவர் வேடிக்கையாய்ச் சொல்லுவார். கம்பெனி ஆட்சியில் இங்கே மிஷனெரிகள் எளிதாய் வரமுடியாத காலம். அதனால் கம்பெனிக்குச் சாப்ளின்களாகத் தேவபக்தியுள்ள வாலிபரைத் தேடித்தேடி அனுப்பினார். 1799-ல் சி.எம்.எஸ். சங்கம் தொடங்குகிறதற்கு முன் நடந்த ஆலோசனையில், பேசினது போதும், என்ன செய்யலாம், எப்போது செய்யலாம், எப்படிச் செய்யலாம் என்று நெருக்கிக் கேட்டவர் அவரே. அந்தச் சங்கம் அனுப்பின ரேனியஸ் ஐயர் 1820-ல் பாளையங்கோட்டைக்கு வந்ததை நம்ம திருநெல்வேலிக்காரர்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. கேம்பிரிட்ஜில் சிமியோனின் ஊழியத்தால் தொடப்பட்ட டேனியல் கோரி, 1835-ல் சென்னையின் முதல் அத்தியட்சரானார். 1837-ல் இங்கேயே மரித்தார். சென்னையில் பிஷப் கோரி பள்ளிக்கூடத்தைப் பார்த்திருப்பீர்கள், அவர் பெயர்தான்.

எல்லாரிலும் அவருக்கு உயிரானவர் ஹென்றி மார்ட்டின். சிமியோனிடம் உதவிக்குருவாயிருந்து, 1805-ல் கப்பலேறி, உருதுவிலும் பாரசீகத்திலும் புதிய ஏற்பாட்டை மொழிபெயர்த்து, 1812-ல் துருக்கி தேசத்தில் தோக்காத் என்ற ஊரில் 31 வயதில் தனியாய் மரித்தார். இந்தியாவில் வரைந்த அவருடைய படம் லண்டனுக்கு வந்தபோது சிமியோன் பார்க்கப் போனார். ஒட்டி உலர்ந்துபோன அந்த முகத்தைப் பார்க்கமுடியாமல் திரும்பிக்கொண்டு அழுதார். பின்பு அதைத் தன் அறையில் நெருப்பிடத்துக்கு மேல் மாட்டிவைத்தார். விளையாட்டாய் இராதே, விளையாட்டாய் இராதே என்று அந்தக் கண்கள் தன்னோடு பேசுவதாகச் சொல்லுவார். நான் விளையாட்டாய் இருக்கமாட்டேன் என்று படத்துக்குப் பதிலும் சொல்லுவார்.

1807-ல் அவருடைய குரல் உடைந்தது. ஆராதனை முடிந்தால் பேச்சு வராது. பதிமூன்று வருஷம் இப்படி. அறுபது வயதில் ஓய்ந்துவிடலாம் என்று தீர்மானித்திருந்தார். 1819-ல் திரும்பவும் ஸ்காட்லாந்துக்குப் போகையில், எல்லையைக் கடக்கும்போதே பழைய பெலன் திரும்பினதை உணர்ந்தார். தான் ஓய்வுக்குக் குறித்த வயது வந்த சமயத்திலே தேவன் பெலன் தருகிறார் என்றால் என்ன அர்த்தம் என்று புரிந்துகொண்டு, ஓய்வை மறந்துவிட்டார். அதன்பின் இன்னும் பதினேழு வருஷம் உழைத்தார். விவாகம் பண்ணவில்லை. ஒரே சபை, 54 வருஷம். ஆசனத்தைப் பூட்டினவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அவரிடத்தில் பந்தி வாங்கியிருப்பார்கள்.

1836 செப்டம்பரில் புதிய அத்தியட்சரைக் காண ஈலிக்குப் போனார். குளிர்ந்த நாள், சளி பிடித்தது, எழும்பவேயில்லை. நவம்பர் மாதம் பல்கலைக்கழக ஆலயத்தில் பிரசங்கிக்க அவருக்கு முறை குறித்திருந்தது, பிரசங்கங்களை எழுதியும் வைத்திருந்தார். நவம்பர் 13-ம் தேதி, ஞாயிறு பிற்பகல், அந்த ஆராதனைக்கு மணி அடித்துக்கொண்டிருக்கையில் அவர் ஆவி கர்த்தரிடத்தில் சேர்ந்தது. வயது 77.

நவம்பர் 19-ம் தேதி அடக்கம். அது சந்தை நாள். ஆனாலும் பட்டணத்தின் முக்கியமான கடைகளை அடைத்திருந்தார்கள், கல்லூரிகளில் வகுப்பு இல்லை. முன்னே ஜன்னலில் கல் எறிந்த அதே பல்கலைக்கழகம், கறுப்பு அங்கி போட்டுக்கொண்டு வரிசை வரிசையாய் வந்து நின்றது. அடக்க ஆராதனையும் அந்தப் பழைய புத்தகத்திலிருந்துதான். கிங்ஸ் கல்லூரி ஆலயத்தின் தளத்துக்குக் கீழே அவரை வைத்தார்கள். பத்தொன்பது வயதுப் பையனாய்க் கட்டாயத்தின்பேரில் அவர் நடுங்கிக்கொண்டு நுழைந்த ஆலயம் அது. மேலே போட்ட கல்லில் அவர் பெயரின் இரண்டு முதல் எழுத்துகளும் 1836 என்ற வருஷமும் மாத்திரம் இருக்கின்றன.